சாக்கெட்டில் உட்கார்ந்தால் போதுமா?



விளையாடுவதற்கென்று ஒரு கணினியைத் தானே வீட்டில் பூட்டிக்கொள்ளும் வழக்கம் நம் பிள்ளைகளிடம் நன்றாகவே வேரூன்றிவிட்டது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு சனிக்கிழமை மாலை நின்று பார்த்தால் தெரியும். கோட்டேஷன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கும் கல்லூரிப் பிள்ளைகள், பக்கத்திலேயே பணம் கொடுக்க வந்த அப்பா. இந்த வேலையை நான் ஒரு கைவினையாகவே மதிக்கிறேன். திருகு முடுக்கும் வேலை ஒரு பிற்பகலில் முடிந்துவிடும். அதற்கு முன்னால் எதோடு எது சேரும் என்று பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்களே, வித்தை அங்கேதான் இருக்கிறது.

முதல் தடவை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் பிராசசரில் ஆரம்பிக்கிறார்கள். நான் மானிட்டரில் ஆரம்பிக்கச் சொல்வேன். திரை 1080 வரிகள் கொண்டதா, 1440 வரிகள் கொண்டதா? நொடிக்கு 60 முறை படம் மாறுவதா, 144 முறை மாறுவதா? அதில் என்ன ஆடப் போகிறீர்கள்? வாலரன்ட், கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 போன்றவை பிராசசரின் வேகத்தை அதிகம் கேட்பவை. சைபர்பங்க் 2077 கிராபிக்ஸ் கார்டைப் பிழிந்தெடுத்துவிடும். 2024 டிசம்பரில் வந்த இந்தியானா ஜோன்ஸ் விளையாட்டுக்கு, ஒளிக்கதிர்களின் போக்கைக் கணக்கிட்டுப் படம் வரையும் ரே டிரேசிங் வசதி கார்டிலேயே இருந்தாக வேண்டும். அந்த வசதி இல்லாத பழைய ஜி.டி.எக்ஸ். 1660 எவ்வளவு நல்ல நிலையில், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதற்கு உதவாது. கார்டுக்கும் விளையாட்டுக்கும் இடையிலேயே இப்படி ஒரு பொருத்தம் தேவைப்படுகிறது. ஆகவே திரை, விளையாட்டு, கார்டு, அதற்குப் பிறகு பிராசசர் என்ற வரிசையில் யோசிப்பவர்களின் பணம் வீணாவதில்லை.

இனி பிராசசரும் மதர்போர்டும். பிராசசர் உட்காரும் சாக்கெட் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏ.எம்.டி.யின் இன்றைய சாக்கெட் 2022இல் வந்த ஏ.எம்.5. இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகளுக்கு எல்.ஜி.ஏ. 1700. 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்கு எல்.ஜி.ஏ. 1851. ஒன்றில் மற்றொன்று உட்காராது, கண்ணுக்கே தெரிந்துவிடும். இந்த மாதிரிப் பிழையைக் கடைக்காரரே தடுத்துவிடுவார். நான் அஞ்சுவது உள்ளே சரியாக உட்கார்ந்த பிறகும் வேலை செய்யாத ஜோடிகளைக் கண்டுதான்.

இதற்கு வரலாற்றில் நல்ல சான்று உண்டு. இன்டெல் 2015இல் எல்.ஜி.ஏ. 1151 சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 6ஆம் தலைமுறையும் 7ஆம் தலைமுறையும் அதில் ஓடின. 2017 அக்டோபரில் 8ஆம் தலைமுறை வந்தது. அதே சாக்கெட் பெயர், அதே 1151 தொடுமுனைகள், பிராசசர் அழகாக உட்காரவும் செய்யும். ஆனால் சில முனைகளின் வேலையை இன்டெல் மாற்றிவிட்டது. 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சில்லு) உள்ள புது போர்டு இல்லாமல் அது ஓடாது. பழைய பொருள் விற்கும் கடைகளில் இந்த போர்டுகள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன. ‘1151தானே, போட்டுக்கோங்க’ என்று யாராவது சொன்னால் சிப்செட்டின் எண்ணைக் கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள்.

ஏ.எம்.டி.யின் கதை இன்னும் சுவையானது. ஏ.எம்.4 சாக்கெட்டை அவர்கள் பல ஆண்டுகள் மாற்றாமல் வைத்திருந்தார்கள். பாராட்ட வேண்டிய செயல். ஆனால் தலைமுறைகள் பெருகியபோது வேறொரு இடத்தில் முட்டியது. மதர்போர்டில், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸ் தங்கியிருக்கும் சில்லு பலவற்றில் 16 மெகாபைட்தான். அத்தனை பிராசசர்களுக்குமான குறிப்புகளும் அதில் அடங்கவில்லை. 2020 மே மாதம், அடுத்து வரும் பிராசசர்கள் 400 வரிசை போர்டுகளில் ஓடாது என்று நிறுவனம் அறிவித்தது. பயனர்களிடமிருந்து கடும் எதிர்ப்பு வர, அதே மாதத்திலேயே முடிவை மாற்றிக்கொண்டது. அதன் பிறகும் பயாஸைப் புதுப்பித்தால்தான் அந்த பிராசசர்கள் உயிர்பெற்றன. ஏ.எம்.5இலும் இதே நிலைதான்: 2024இல் வந்த ரைசன் 9000 வரிசையை அதற்கு முந்தைய பி650 போர்டில் போட வேண்டுமானால் பயாஸ் புதியதாக இருக்க வேண்டும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: ‘பெட்டியைப் பிரித்ததுமே இந்த போர்டு இந்த பிராசசரை ஏற்குமா?’ பென் டிரைவைச் செருகி, பிராசசர் இல்லாமலேயே பயாஸை ஏற்றும் பொத்தான் சில போர்டுகளில் உண்டு. அதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தகும்.

ரேமில் டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 இரண்டுக்கும் 288 முனைகள். வெட்டுப்பள்ளம் மட்டும் இடம் மாறியிருப்பதால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று நுழையாது. எல்.ஜி.ஏ. 1700க்கு இரண்டு வகை போர்டுகளும் விற்பனையில் உள்ளன. மாடல் பெயரின் கடைசியில் டி4 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எம்.5க்கு டி.டி.ஆர்.5 மட்டுமே. 32 ஜி.பி. வேண்டுமானால் 16, 16 என்று இரண்டாக வாங்குங்கள். இரண்டு தடத்தில் தரவு போகும். நான்கு இடமும் இருக்கிறதே என்று நான்கையும் நிரப்புவதில் ஒரு சிக்கல் உண்டு. ரைசன் 7000 வரிசைக்கு இரண்டு ரேமோடு 5200 என்ற வேகம் வரை ஏ.எம்.டி. உறுதி தருகிறது, நான்கு போட்டால் அந்த உறுதி 3600க்கு இறங்கிவிடுகிறது. இன்னொரு செய்தியும் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஏ.எம்.5 கணினியை முதல் தடவை ஓட்டும்போது ரேமைப் பழக்கிக்கொள்ளச் சில நிமிடம் எடுத்துக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாகவே இருக்கும். பதறி அணைத்துவிடாதீர்கள்.

கிராபிக்ஸ் கார்டைப் பொறுத்தவரை எந்தக் கார்டும் எந்த போர்டின் நீளமான ஸ்லாட்டிலும் போகும். பழைய போர்டு வைத்திருப்பவர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை. 2022 ஜனவரியில் வந்த ஆர்.எக்ஸ். 6500 எக்ஸ்.டி. கார்டு, ஸ்லாட்டின் 16 தடங்களில் நான்கை மட்டுமே பயன்படுத்துகிறது. புது போர்டில் அது பெரிதாகத் தெரியாது. ஸ்லாட்டின் முந்தைய தலைமுறையான பி.சி.ஐ.இ. 3 உள்ள பழைய போர்டில் நன்றாகவே வேகம் குறையும். ஏரி நிறையத் தண்ணீர் இருந்தும் மடை குறுகினால் வயலுக்கு வந்து சேராதது போல. மலிவான கார்டை வாங்குகிறவர்தான் பழைய போர்டும் வைத்திருப்பார் என்பதால் இந்த ஜோடி என்னை மிகவும் வருத்துகிறது.

இப்போது பாகங்களுக்கு மின்சாரம் தரும் எஸ்.எம்.பி.எஸ்.க்கு வருகிறேன். இன்று நான் சொல்லும் எதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். கேபினட்டோடு சேர்த்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸை விளையாட்டுக் கணினியில் போடவே கூடாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆர்.டி.எக்ஸ். 4060 கார்டு 115 வாட். ரைசன் 5 7600 பிராசசர் பெட்டியில் 65 வாட் என்றிருந்தாலும் முழு வேலையில் 88 வாட் வரை இழுக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் 60 என்று வைத்தால் கூட்டிப்பார்க்க 263 வாட். அப்படியானால் 450 என்று எழுதிய எதுவும் போதுமே என்று தோன்றும். லேபிளைத் திருப்பிப் பாருங்கள். கார்டும் பிராசசரும் குடிப்பது 12 வோல்ட் மின்சாரத்தை. அந்தக் கட்டத்தில் 18 ஆம்பியர் என்று இருந்தால், பன்னிரண்டால் பெருக்க 216 வாட்தான் அங்கே கிடைக்கிறது. பெரிய எழுத்தில் போட்ட 450க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போதாக்குறைக்கு, கிராபிக்ஸ் கார்டுகள் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தம் அளவைத் தாண்டி மின்சாரம் இழுப்பவை. நம்பகமான கம்பெனியின் 550 வாட், 12 வோல்ட்டில் 45 ஆம்பியருக்குக் குறையாமல் இருந்தால், நான் சொன்ன ஜோடிக்கு நிம்மதி. கார்டைப் பின்னால் மாற்ற எண்ணமிருந்தால் 650 வாங்குங்கள்.

வயர்களிலும் கவனம் வேண்டும். பிராசசருக்குப் போகும் எட்டு முனை வயரும் கார்டுக்குப் போகும் எட்டு முனை வயரும் பார்க்க உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். உள்ளே இணைப்பு வேறு. வயர்களைக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில் ஆபத்து இன்னும் அதிகம். பாகத்தின் பக்கம் உள்ள முனைக்குத் தரநிலை உண்டு, எஸ்.எம்.பி.எஸ். பக்கம் உள்ள முனைக்குப் பொதுவான தரநிலை இல்லை. பழைய கம்பெனியின் வயரைப் புதிய எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மாட்டினால் இறுக்கமாக உட்காரலாம், சுவிட்சைப் போட்ட கணத்தில் ஹார்ட் டிஸ்க் கருகவும் செய்யலாம். எஸ்.எம்.பி.எஸ்.ஸை மாற்றினால் அதன் வயர்களையும் சேர்த்தே மாற்றுங்கள்.

கேபினட்டில் மூன்று அளவுகள் போதும்: எந்த அளவு போர்டு ஏற்கும், கார்டு எத்தனை மில்லிமீட்டர் நீளம் வரை போகும், கூலர் எத்தனை உயரம் வரை நிற்கும். முன்பக்கம் கண்ணாடியால் மூடியதை நம் ஊருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். கத்திரி வெயிலில் அறையே கொதிக்கும்போது உள்ளே காற்றுப் போக வலைமுகப்புதான் வேண்டும். இன்டெல் பெயரின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதில் படம் காட்டும் வசதி கிடையாது. கார்டு இல்லாமல் திரை வராது. எந்த பிராசசராக இருந்தாலும் மானிட்டர் வயரைக் கார்டில் செருகுங்கள், மதர்போர்டில் வேண்டாம்.

கம்பெனி பெட்டியாக வாங்கினால் இத்தனை தலைவலி ஏன் என்று பெற்றோர் கேட்பது நியாயம். அவசரம் உள்ளவர்கள் அப்படியே வாங்கலாம். ஆனால் பல கம்பெனிப் பெட்டிகளில் போர்டும் எஸ்.எம்.பி.எஸ்.ஸும் அவர்களுக்கே உரிய வடிவில் இருப்பதால், மூன்றாண்டு கழித்து ஒரு பாகத்தை மட்டும் மாற்ற முடியாமல் போகிறது. 1995இல் இன்டெல் வகுத்த ஏ.டி.எக்ஸ். அளவு இன்றும் நடைமுறையில் இருப்பதால், தானே பூட்டிய பெட்டியில் பிள்ளை கார்டையோ போர்டையோ தனியாக மாற்றிக்கொள்ளலாம். லேபிளை நம்பாமல் கணக்குப் போட்டுப் பார்க்கும் பழக்கமும் அந்தப் பிள்ளைக்குக் கூடவே வருகிறது. என் தீர்ப்பு தானே பூட்டுவதன் பக்கம்தான்.

கடைக்குக் கிளம்பும் நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். கோட்டேஷனில் எஸ்.எம்.பி.எஸ். என்ற வரியைத் தேடிப் பாருங்கள். வெறும் ‘450 வாட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் தாளைத் திருப்பிக் கொடுத்து, கம்பெனியும் மாடலும் எழுதச் சொல்லி வாங்குங்கள். பில்லில் ஒவ்வொரு பாகத்தின் சீரியல் எண்ணும் இருக்கட்டும். பழுது வந்தால் வாரன்டி கேட்க அதுதான் கைகொடுக்கும்.