நகையின் எடையும் பொன்னின் மாற்றும்
(கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் கூட்டத்திற்குரிய சொற்பொழிவு)

கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சை நல்ல விலைக்குப் போனாலும், போடிநாயக்கனூர் ஏலத்தில் ஏலக்காய்க்கு விலை ஏறினாலும், குடியானவர் கையில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதி பொன்னாக மாறுவது வழக்கம். பெண்ணின் கலியாணம் அதற்கு ஒரு காரணம். உரத்துக்கும் விதைக்கும் பணம் வேண்டியபோது அந்நகையையே ஈடு வைத்துக் கடன் பெறலாம் என்பது மற்றொரு காரணம். ஆகவே கழுத்தில் கிடக்கும் நகையும் ஒரு சேமிப்பேயாகும். அச்சேமிப்பு எவ்வளவு என்பதை எடை மாத்திரம் தெரிவிப்பதில்லை.

கலப்பற்ற பொன்னைப் பத்தரை மாற்றுத் தங்கம் என்றனர் முன்னோர். இக்காலத்தார் 24 காரட் என்பர். அது மிக மென்மையானதாதலால் செம்போ வெள்ளியோ சேர்த்தே நகை செய்யப்படுகிறது. 24 பங்கில் 22 பங்கு பொன்னாயின் அது 22 காரட். ஆயிரத்துக்கு 916 பங்கு என்றும் குறிப்பர். 18 காரட்டில் ஆயிரத்துக்கு 750 பங்கே பொன். எட்டுக் கிராம் கொண்ட ஒரு பவுன் நகை 22 காரட்டாயின் அதில் சுமார் 7.33 கிராம் பொன் உண்டு. 18 காரட்டாயின் 6 கிராம்தான். கடை விளக்கின் கீழ் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே மின்னும்.

வித்தியாசம் ஈடு வைக்கும் நாளில் வெளியாகிறது. ரிசர்வ் பாங்கின் முந்திய விதிப்படி, பாங்கிகள் மாற்றுக் குறைந்த நகையை 22 காரட்டுக்குச் சமமான எடையாக மாற்றியே மதிப்பிட வேண்டியிருந்தது. அவ்விதம் கணக்கிட்டால் 8 கிராம் கொண்ட 18 காரட் நகை சுமார் ஆறரைக் கிராமாகிவிடும். பதித்த கல்லின் எடையும், உள்ளே அடைத்த அரக்கின் எடையும் தள்ளப்படும். மதிப்பீட்டாளர் தொகையைக் குறைத்துச் சொல்லும்போது அவர்மேல் சினங்கொள்வாருண்டு. குறை அவருடைய உரைகல்லில் இல்லை. நகை வாங்கிய அன்றே நேர்ந்தது.

உரைகல்லும் திராவகமும் பழமையான, நல்ல சோதனைகளே. ஆயினும் கல்லில் தேய்வது நகையின் மேற்பரப்பு மாத்திரமே. மேலே கனமான பொன்பூச்சும் உள்ளே வேறு உலோகமுமாயிருந்தால் கல்லும் ஏமாறும். பொன்னின் ஒரு துணுக்கை எடுத்துப் புடமிட்டுப் பார்ப்பதே முடிவான சோதனை. அதை ஒவ்வொரு குடியானவரும் செய்வித்தல் இயலாது என்பதனாலேயே ஹால்மார்க் முத்திரை ஏற்பட்டது.

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2000ஆம் ஆண்டில் பொன் நகைகளுக்கு இம்முத்திரையைத் தொடங்கியது. 2021 ஜூன் 16 முதல், அறிவிக்கப்பட்ட ஜில்லாக்களில் அது கட்டாயமாயிற்று. முத்திரையில் மூன்று குறிகளைக் காணவேண்டும்: முக்கோண வடிவான அடையாளம், 916 அல்லது 750 போன்ற மாற்று எண், எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்கக் குறியீடு. இக்குறியீடு நகைக்கு நகை வேறுபடும். பி.ஐ.எஸ். கேர் என்னும் கைப்பேசிச் செயலியில் அதைப் பதிந்தால், நகையின் வகையும் மாற்றும் தெரியவரும். மோதிரத்தின் குறியீட்டுக்குச் சங்கிலி என்று விடை வந்தால், பணம் கொடாமல் எழுந்துவிடுவதே உத்தமம்.

2 கிராமுக்குட்பட்ட நகைகளுக்கும், வருஷ வியாபாரம் 40 லட்ச ரூபாய்க்கு மேற்படாத கடைகளுக்கும் கட்டாயத்திலிருந்து விலக்கு உண்டு. மூக்குத்தியும் சிறு தோடும் முத்திரையின்றிக் கிடைப்பது இதனாலேயே. கே.டி.எம். என்னும் சொல்லும் பலரை மயக்குகிறது. அது காட்மியம் கலந்து பற்றவைத்த நகையைக் குறிக்குமேயன்றி, அரசாங்க முத்திரையன்று. அதன் புகை பொற்கொல்லருடைய நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு.

பட்டியலில் எடை, மாற்று, கல்லின் எடை, செய்கூலி, சேதாரம் ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி வாங்கவேண்டும். முத்திரையிட்ட நகையில் சொன்ன மாற்றைவிடக் குறைவு காணப்பட்டால், குறைந்த பொன்னின் மதிப்பைப் போல் இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் பெற 2018ஆம் ஆண்டின் விதிகள் இடமளிக்கின்றன. பட்டியலைத் தொலைத்தவருக்கு இவ்வுரிமையை நிலைநாட்டுவது அரிது.

வீட்டிலுள்ள பழைய நகைகளைப் பற்றி ஒரு வார்த்தை. 1963 ஜனவரியில் வந்த தங்கக் கட்டுப்பாட்டு விதிகளால் 14 காரட்டுக்கு மேற்பட்ட நகை செய்தல் தடுக்கப்பட்டு, 1966ல் அத்தடை தளர்ந்தது. அந்நாளில் செய்த பாட்டியின் வளையல் கனமாயிருப்பினும் மாற்றுக் குறைந்ததாயிருக்கலாம். அத்தகையவற்றை அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தில் கட்டணம் செலுத்திச் சோதித்து, சான்றிதழ் பெற்று வைத்துக்கொள்ளலாம். அதைச் செய்ய வேண்டிய காலம், கடன் மனு எழுதுவதற்கு முன்பு.