ஒரு பெயர், இரண்டு பொருள்



மத்தியதரைக் கடற்கரையில் திரிபோலி என்னும் பெயர் தாங்கிய நகரங்கள் இரண்டு உள்ளன. ஒன்று லிபியாவின் தலைநகர். மற்றொன்று லெபனானின் வடபகுதித் துறைமுகம். கிரேக்க மொழியில் இப்பெயருக்கு 'மூன்று நகரங்கள்' என்பது பொருள். ஆயினும் அம்மூன்றும் எவை என வினவினால், விடை வேறுபடுகிறது.

லெபனானில், தீர், சீதோன், அர்வாது ஆகிய மூன்று பினீசிய நகரத்தார் தனித்தனியே அமைத்த குடியிருப்புகள் கூடி ஓர் ஊராயின. லிபியாவிலோ, ஓயா, சப்ராத்தா, லெப்திஸ் மாக்னா என்னும் மூன்று நகரங்கள் அடங்கிய நிலப்பகுதிக்கே அப்பெயர் வழங்கிற்று. பின்னிரண்டும் பாழடைந்தன. எஞ்சிய ஓயா, மூன்றின் பெயரையும் தானே தாங்கி நிற்கிறது. ஆகவே, வந்தவர் கூடியதால் அமைந்த பெயர் ஒன்று. மறைந்தவற்றின் நினைவாக நிலைத்த பெயர் மற்றொன்று.

நம் பக்கத்திலும் இதற்கு இணை உண்டு. முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடமே மூணாறு. அதே இடுக்கி மாவட்டத்தில், உடும்பஞ்சோலை வட்டத்தில் இருப்பது சாந்தன்பாறை. தமிழர் 'பாறை' என்பதை மலையாளிகள் 'பாற' என்பர். ஈற்றொலி மாறினும் கல் ஒன்றே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் வகுக்கப்பட்டபோதும், அப்பெயர் இரு மொழிக்கும் உரியதாகவே நின்றது.

மாறுவது 'ஊர்' என்னும் சொல்லின் பொருள்தான். ஏலத்தோட்டத்தில் உழைத்த பாட்டனார் 'ஊருக்குப் போகிறேன்' என்றால், மலையிறங்கிப் போடிநாயக்கனூர்ப் பக்கம் செல்வதாகப் பொருள். அங்கேயே பிறந்த பேரன் அதே சொல்லைச் சொன்னால், சாந்தன்பாறைக்குத் திரும்புவதாகப் பொருள். மொழிபெயர்ப்பை அலுவலாகக் கொண்ட எனக்கு, இச்சிறு சொல்லைப் போல் இடர் தருவது வேறில்லை. கிராமம், நகரம், பிறந்த இடம், முன்னோர் இடம் ஆகிய நான்கையும் அது குறிக்கும். பிறமொழியில் ஒன்றைத் தெரிந்தெடுத்தால் மற்ற மூன்றும் விடுபடும்.

டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களிலும் இவ்வினா எழுகிறது. 'உன் ஊர் எது?' என்று கேட்டால், குழந்தை தான் வளரும் நகரின் பெயரைச் சொல்கிறது; பெற்றோர் மனம் வருந்துகின்றனர். வருந்த வேண்டுவதில்லை. குழந்தை சொன்னது பொய்யன்று. அதனோடு பாட்டனாரின் ஊர்ப் பெயரையும், அங்கு ஓடும் ஆற்றின் பெயரையும் சொல்லிக் கொடுப்பது நம் கடமை. சொல்லாது விட்டால், அப்பெயர் பாழடைந்த நகரின் பெயராகிவிடும். சொல்லி வைத்தால், இரண்டு ஊர்களும் கூடி ஒரு வாழ்வாகும்.