வில்லும் வீட்டுக் காதும்

எங்கள் வெருகல் போன்ற ஊர்களில் வயலின் பழகும் பிள்ளை, தூரத்து ஆசிரியரைக் கிழமைக்கு ஒருமுறை கண்டாலே பெரிது. மற்ற ஆறு நாளும் ஆசிரியர் யார்? பெற்றோர்தாம் என்பேன்.

வீணைக்கு மெட்டுகள் உண்டு, வயலினுக்கு இல்லை. விரல் ஒரு நெல்மணியளவு விலகினாலும் சுரம் பிசகிவிடும். திருத்த ஆளில்லாவிட்டால் அந்தப் பிசகே பிள்ளையின் காதுக்குச் சரியென்று பட்டுவிடும்.

யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்த வி. லட்சுமிநாராயண ஐயரின் வீட்டை எண்ணிப் பாருங்கள். தந்தையே குரு, தாய் சீதாலட்சுமியும் இசை அறிந்தவர். வைத்தியநாதன், சுப்பிரமணியம், சங்கர் ஆகிய வயலின் கலைஞர்கள் அவ்வீட்டுப் பிள்ளைகள். 1958ஆம் ஆண்டுக் கலவரத்தால் அக்குடும்பம் சென்னைக்குப் பெயர்ந்தது. ஊர் போயிற்று, பாடம் தந்தையோடு கூடவே சென்றது.

"எங்களுக்கு இசை தெரியாதே" என்பீர்கள். யப்பானிய ஆசிரியர் சினிச்சி சுசுகி (1898–1998), பிள்ளைக்கு முன்பாகத் தாய்க்கே ஒரு சிறு பாட்டைப் பழக்கினார். வித்துவானாக்க அல்ல, வீட்டில் துணையிருக்க.

ஆகையால், வகுப்பில் நீங்களும் கூட இருங்கள். ஆசிரியர் சொல்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். வீட்டில் சுருதிப்பெட்டியை இயக்கி, சட்சமும் பஞ்சமமும் அதோடு இணைகின்றனவா என்று கேளுங்கள். சரளி வரிசையை முதலாம் காலத்தில் நிதானமாக வாசிக்கச் சொல்லுங்கள். அயல்வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு அதட்டாதீர்கள். வயலால் வந்த களைப்போடு என்றாலும், தினம் கால்மணி நேரம் பக்கத்தில் இருந்து கேளுங்கள். சம்பளம் கட்டுவதோடு எங்கள் பங்கு முடிந்துவிடுவதில்லை.