கவுண்ட் எவ்வளவு?



ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி புழங்க ஆரம்பித்துவிடும். காய்ச்சல் என்று யாராவது ஆஸ்பத்திரியில் படுத்திருப்பார்கள். திருச்சியிலிருந்து சித்தப்பா போன் பண்ணுவார், கோவையிலிருந்து அத்தை போன் பண்ணுவார். இருவரும் கேட்பது ஒன்றைத்தான்: "கவுண்ட் எவ்வளவு?" காலையில் 90,000 என்றால் முகம் வாடும். மாலையில் 70,000 என்றால் அழுகையே வந்துவிடும். அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று இன்று கொஞ்சம் பேசலாம்.

காய் நறுக்கும்போது விரலில் அரிவாள்மனை பட்டுவிடுகிறது. அழுத்திப் பிடிக்கிறோம். சற்று நேரத்தில் ரத்தம் நின்றுவிடுகிறது. ரத்தக் குழாயில் கிழிசல் விழுந்ததும் முதலில் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு, ஒன்றோடு ஒன்று பின்னி ஓட்டையை அடைத்தவைதான் தட்டணுக்கள். பிளேட்லெட் என்று லேபில் சொல்வது இவற்றைத்தான்; போனில் கேட்கும் கவுண்ட் இவற்றின் எண்ணிக்கை. ரத்தம் உறைவதில் இவற்றுக்குப் பங்கு இருக்கிறது என்று 1882-இல் விளக்கியவர் இத்தாலியின் டூரின் நகரத்து மருத்துவர் ஜூலியோ பிட்சோசெரோ.

தட்டணு ஒரு முழுச் செல்கூட இல்லை. எலும்பு மஜ்ஜையில் இருக்கும் மிகப் பெரிய செல் ஒன்றிலிருந்து பிய்ந்து வரும் துணுக்கு. அதன் ஆயுள் 7 முதல் 10 நாள். அதனால் உடம்பு ஒவ்வொரு நாளும் சுமார் 10,000 கோடி தட்டணுக்களைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது. இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணீரலில் தங்கியிருக்கும்.

லேபில் எண்ணுவது ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை என்று. ஒரு மில்லிலிட்டரை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு அது. அந்தச் சொட்டுக்குள் ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருப்பது இயல்பு. ஒரு லேபில் "1.2 லட்சம்" என்று எழுதுவார்கள், இன்னொரு லேபில் ஆயிரக் கணக்கில் "120" என்று போடுவார்கள். இரண்டும் ஒன்றுதான். 120 என்று பார்த்துப் பதறியவர்கள் உண்டு.

ஒன்றரை லட்சத்துக்குக் கீழே வந்தால் குறைவு என்று பெயர். ஆனால் ஒரு லட்சம் இருப்பவருக்குப் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் தெரியாது. 50,000-க்குக் கீழே போனால் அறுவை சிகிச்சை, பல் பிடுங்குதல் போன்றவற்றில் கவனம் வேண்டும். அடிபடாமலே ரத்தம் கசியும் அபாயம் கூடுவது 20,000-க்குக் கீழே, முக்கியமாக 10,000-க்குக் கீழே. உடம்பே இதற்கு அடையாளம் காட்டும். பல் ஈறில் கசிவு, மூக்கில் ரத்தம், மாதவிடாயில் அதிகப் போக்கு, காலில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தினாலும் அந்தப் புள்ளிகள் மறையாது.

மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் நாம் என்ன பார்ப்போம்? மோட்டார் ஓடவில்லையா, குழாய் ஒழுகுகிறதா, வழியில் எங்காவது தேங்கி நிற்கிறதா? தட்டணுவுக்கும் இதே மூன்று கேள்விகள்தான். மஜ்ஜை சரியாகச் செய்யவில்லை என்றால் பி12 சத்துக் குறைவு, மதுப் பழக்கம், புற்றுநோய் மருந்து, ரத்தப் புற்றுநோய் ஆகியவற்றை யோசிப்பார்கள். கல்லீரல் சுருங்கி மண்ணீரல் வீங்கியவர்களுக்குத் தட்டணுக்கள் அங்கேயே தேங்கிவிடும். செய்ததெல்லாம் வேகமாக அழிந்துபோவது மூன்றாவது வகை.

இந்த மூன்றாவதைக் கண்டுபிடித்த விதம் கேட்கத் தகுந்தது. 1950-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் வில்லியம் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், தட்டணுக் குறைவு நோயாளி ஒருவரின் ரத்தத்தைத் தன் உடம்பிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் மளமளவென்று சரிந்தன. வலிப்பும் வந்தது. சில நாளில் தேறி எழுந்தார். நோயாளியின் ரத்தத்தில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் தட்டணுக்களை அழிக்கிறது என்று அன்று தெரிந்தது. உடம்பின் காவல் படையே சொந்தத் தட்டணுக்களைத் தாக்கும் இந்த நோயை ஐ.டி.பி. என்கிறார்கள். குழந்தைகளுக்கு ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு இது வரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும்.

நான்காவதாக ஒன்று உண்டு. குறைவே இல்லாமல் குறைவாகத் தெரிவது! சோதனைக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்க ஈ.டி.டி.ஏ. என்ற ரசாயனம் போட்டிருப்பார்கள். சிலருடைய தட்டணுக்கள் அதில் பட்டதும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் கொத்தைச் சரியாக எண்ணாது. ஆகவே நன்றாக நடமாடுகிற ஒருவருக்குத் திடீரென்று எண் குறைந்திருந்தால், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்வார் மருத்துவர். வேறு ரசாயனம் உள்ள குழாயில் மறுபடி எடுக்கவும் சொல்லலாம்.

இப்போது டெங்குவுக்கு வருவோம். நம் பயமெல்லாம் அங்கேதானே இருக்கிறது?

டெங்குவில் தட்டணு குறைவது உண்மை. ஆனால் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் வேறொன்று. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து, ரத்தத்தில் இருக்கும் நீர்ப் பகுதி வெளியே கசிகிறது. ரத்தம் கெட்டியாகி, அழுத்தம் இறங்குகிறது. இது நடப்பது காய்ச்சல் கொதிக்கும் நாளில் என்று நினைப்போம். இல்லை. மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள், காய்ச்சல் விட்டுவிட்டது என்று நாம் மூச்சு விடும் நேரத்தில்தான் அந்தக் கசிவு தொடங்கும். ஒன்றிரண்டு நாள் நீடிக்கும். அதே ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இன்னொரு எண் இருக்கும். ரத்தம் கெட்டியாவதைக் காட்டுவது அது. தட்டணு இறங்க இறங்க அது ஏறுகிறதா என்றுதான் மருத்துவர் உற்றுப் பார்ப்பார். அந்த நேரத்து முக்கிய சிகிச்சை, அளந்து கொடுக்கும் திரவம்.

"தட்டணு ஏற்றிவிடுங்கள் டாக்டர்" என்று கெஞ்சுவதும் நடக்கிறது. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும், தட்டணு 20,000-க்கு இறங்கிய டெங்கு நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. ரத்தக் கசிவு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே தட்டணு ஏற்றியதால் கசிவு குறையவில்லை. ஒவ்வாமை போன்ற பக்க விளைவுகள்தான் கூடின. தட்டணுப் பையை வழக்கமாக ஐந்து நாளுக்கு மேல் வைக்க முடியாது. அந்த ஐந்து நாளும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தேவையில்லாமல் ஏற்றிய ஒவ்வொரு பையும், ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டு காத்திருக்கும் ஒரு குழந்தைக்குப் போயிருக்க வேண்டியதாக இருக்கலாம்.

பப்பாளி இலைச் சாறு? எண் சற்றுக் கூடியதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன. உயிரைக் காக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. டெங்குவில் ஒரு வாரம் கடந்தால் தட்டணு தானாகவே ஏறும். ஐந்தாம் நாள் சாறு குடித்து ஏழாம் நாள் கவுண்ட் ஏறினால், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருப்பதுதான் ஆபத்து.

வீட்டில் செய்யக்கூடியது எளிது. கஞ்சி, மோர், இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று குடிக்கக் கொடுத்துக்கொண்டே இருங்கள். காய்ச்சலுக்கு மருத்துவர் சொன்ன அளவில் பாரசிட்டமால் போதும். ஆஸ்பிரின், இபுபுரூபன், டைக்ளோபினாக் வேண்டாம். கடையில் கேட்டு ஊசி போட்டுக்கொள்வதும் வேண்டாம். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, அசந்து அசந்து தூங்குதல், கை கால் சில்லிட்டுப் போதல், நாலைந்து மணி நேரமாகச் சிறுநீர் போகாமை, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் கவுண்ட் ஒன்றரை லட்சமே இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். காய்ச்சல் எதுவும் இல்லாமல் எண் குறைந்திருந்தால், பழைய ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஏன் குறைந்தது என்று கேளுங்கள்.

அடுத்த முறை உறவுக்காரர் ஒருவர் காய்ச்சலில் படுத்திருப்பதாகச் செய்தி வந்தால், போனில் கவுண்டைக் கேட்பதற்கு முன்னால் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: "வயிற்று வலி இருக்கா? ஒழுங்கா குடிக்கிறாரா? சிறுநீர் போகுதா?" பக்கத்தில் இருப்பவர் திரும்பி அவரை ஒரு தடவை நன்றாகப் பார்ப்பார். அந்த நேரத்தில் அதுதான் வேண்டும்.