எப்படிச் சாய்த்தாய் என்று கேளுங்கள்

(நமது சங்கக் கூடத்தில் கோடைக்கால ஜூடோ பயிற்சியின் நிறைவு நாளில் பேசியது)

நான் ஜூடோ கற்றவன் அல்ல. ஓய்வு பெற்ற வங்கி எழுத்தர். பேரனை அழைத்துவந்து ஓரமாக உட்கார்ந்து பார்த்தவன்.

முதல் வாரம் முழுக்க அவன் விழுந்துகொண்டே இருந்தான். "இனிமேல் வரமாட்டேன் தாத்தா" என்றான். "உன்னைச் சாய்த்தவனிடமே கேளேன்" என்றேன். கூச்சத்தோடு கேட்டான். "நீ பின்னால் சாய்கிறாய். எடை குதிகாலுக்குப் போனதும் காலை வாரிவிடுகிறேன்" என்று பக்கத்து பிளாக் பையன் மறைக்காமல் சொன்னான். மறுநாளும் பேரன் விழுந்தான். ஆனால் காரணம் தெரிந்திருந்தது. மூன்றாம் வாரம் அந்தப் பையனையே ஒருமுறை சாய்த்தான். இப்போது கேள்வி அந்தப் பக்கமிருந்து வந்தது!

ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ இளமையில் ஒரு பிடியை விளக்கச் சொன்னபோது, அவருடைய ஆசிரியர் பதிலாக மறுபடியும் தூக்கித்தான் போட்டாராம். 1882-இல் தோக்கியோவில் கானோ தொடங்கிய கோடோகான் பள்ளியிலோ விரிவுரையும், 'மோண்டோ' எனும் கேள்வி-பதிலும் பயிற்சியின் பகுதிகளாயின.

வங்கியிலும் அப்படித்தான். கணக்கில் வரும் வித்தியாசம் 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம் என்பதைப் பக்கத்துக் கவுண்டர்காரரிடம் கேட்டுத்தான் கற்றேன். கேட்க வெட்கப்பட்ட நாள்களில் இரவு எட்டு மணி வரை தனியாகத் தேடியிருக்கிறேன்.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: ஏழு மணி ஆனதும் பிள்ளைகளை இழுத்துச் செல்லாதீர்கள். பாயில் உட்கார்ந்து அவர்கள் பேசும் பத்து நிமிடமும் பயிற்சிதான். கூடத்தைப் பூட்டும் பொறுப்பு என்னுடையது.