கேரியர் என்று சீட்டில் வந்தால்
(பெண்கள் மாதக் கூட்டத்தில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்றைக்கு ஒரே ஒரு ஆங்கிலச் சொல்: கேரி. பிள்ளையைத் தூக்குகிறோம், புல்லுக்கட்டைச் சுமக்கிறோம், துஆவுக்குக் கையேந்துகிறோம், சந்தூக்குக்குத் தோள் கொடுக்கிறோம். நமக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல். ஆங்கிலத்தில் பெரும்பாலும் இந்த ஒன்றையே வைத்து ஓட்டிவிடுவார்கள். கூட்டல் கணக்கில் மீதி 1 என்று மேலே எழுதுகிறோமே, அதுவும் கேரிதான். கடையில் தருவது கேரி பேக். 120 மைக்ரானுக்குக் குறைந்த பிளாஸ்டிக் பைக்கு 2022 டிசம்பர் 31 முதல் நாடு முழுக்கத் தடை. ஆனாலும் நம் வில்லியனூர்க் கடைத்தெருவில் பறந்துகொண்டுதான் இருக்கிறது.

சைக்கிளுக்குப் பின்னால் இருப்பது கேரியர், சோறு கொண்டுபோவது டிபன் கேரியர். பிள்ளைகள் படித்துவிட்டுத் தேடுகிற கேரியர் மட்டும் வேறு சொல். தமிழில் எழுதினால்தான் ஒன்றுபோல இருக்கும்.

இவ்வளவும் சொன்னது இன்னொரு கேரியருக்காக. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணுக்கு நிச்சயம் முடிந்த பிறகு, ரத்தப் பரிசோதனைச் சீட்டில் 'தலசீமியா கேரியர்' என்று வந்தது. "பொண்ணு நோயைச் சுமக்குதாம்" என்று பேச்சு பரவி சம்பந்தம் நின்றுபோனது. அந்தப் பிள்ளையின் அத்தா இரண்டு மாதம் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. மாப்பிள்ளைக்கு மட்டும் யாரும் பரிசோதனை செய்யவே இல்லை!

சீட்டில் இருந்தது நோய் அல்ல. ஹீமோகுளோபின் உண்டாக்கும் மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அத்தாவிடமிருந்து ஒன்று வருகிறது. ஒன்றில் மட்டும் குறை இருந்தால் அவர் கேரியர். கொஞ்சம் ரத்தசோகை தெரியலாம், மற்றபடி நன்றாக இருப்பார். ஒரே சஹனில் சாப்பிட்டாலும் ஒட்டாது. துணைவர் கேரியர் இல்லை என்றால் பிள்ளைகளுக்கு அந்தக் கடும் நோய் வராது. அவர்களும் கேரியராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு, அவ்வளவே.

இருவருமே கேரியர் என்றால்தான் கவலை. ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று என்ற கணக்கில் நோயோடு பிள்ளை பிறக்கலாம். அந்தப் பிள்ளைக்கு மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும். ஏற்றிய ரத்தத்தால் உடம்பில் தங்கும் இரும்பை வெளியேற்றத் தனி மருந்து வேண்டும்.

சொந்தத்தில் கொடுத்து வாங்கும் வீடுகளில், பாட்டன் பாட்டியிடமிருந்த ஒரே குறை இரண்டு பக்கமும் வந்திருக்க வாய்ப்பு அதிகம். மார்க்கம் ஆகுமாக்கியதை நான் குறை சொல்ல வரவில்லை. பரிசோதியுங்கள் என்கிறேன். சவூதியில் 2004 முதல் நிக்காஹ்வுக்கு முன் இந்தப் பரிசோதனை கட்டாயம்.

இரும்பு மாத்திரை சாப்பிட்டும் ரத்தம் ஏறாத பெண்கள், ஹெச்பி ஏ2 பரிசோதனை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பேச்சு முடிப்பதற்கு முன்பே கேளுங்கள், மாப்பிள்ளைக்கும் சேர்த்து. சீட்டு புரியவில்லை என்றால் என்னிடம் கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு இங்கேதான் இருப்பேன்.