ஒரே பாயில் மூன்று வகுப்பு: அயலகத் தமிழில்லங்களில் வீட்டுவழிக் கல்வி

 

நாம் கூடியிருக்கும் இந்தப் பங்சார், இன்று அடுக்குமாடிகள் நிறைந்த நகர்ப்பகுதி. நூறாண்டுகளுக்கு முன் இது ரப்பர்த் தோட்டம். தோட்டத்துக்கு உரியவராயிருந்த புங்கே, கிரிசார் என்னும் இருவரின் பெயர்கள் இணைந்து மருவியதே பங்சார் என்பர். அக்காலத் தோட்டப் பள்ளியை நினைவூட்டியே எங்கள் உரையைத் தொடங்க விரும்புகிறோம்.

7 முதல் 14 வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி அமைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் விதித்தது. அவ்வாறு எழுந்த பள்ளிகள் பலவற்றில் ஒரே அறை, ஒரே ஆசிரியர். கங்காணியோ கிராணியோ ஆசிரியராய் அமர்ந்த இடங்களும் உண்டு. அரிச்சுவடி படிப்பவனும் வாய்ப்பாடு சொல்பவனும் கடிதம் எழுதப் பழகுபவனும் அங்கே அருகருகே இருந்தனர். அந்நிலை வறுமையால் வந்தது, போற்றத்தக்கதன்று. ஆயினும், வயது வேறுபட்ட பிள்ளைகள் ஓரிடத்தில் கற்பது நம்மவர்க்குப் புதிதன்று என்பதற்கு அது சான்று.

பணி நிமித்தம் தமிழகத்திலிருந்து பங்சாருக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது பிள்ளைகளுக்கு வயது பத்து, ஏழு, நான்கு. தங்கப்போகும் காலம் உறுதியாகத் தெரியாமையால் வீட்டிலேயே கற்பிக்க முடிவு செய்தோம். மலேசியாவில் 2003ஆம் ஆண்டு முதல் தொடக்கக் கல்வி கட்டாயம் என்பதை நீங்கள் அறிவீர்கள். மீறும் பெற்றோர்க்கு 5,000 ரிங்கிட் வரை தண்டமோ ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். அவ்விதி இந்நாட்டுக் குடிமக்களுக்கு உரியது. அவர்கள் வீட்டில் கற்பிக்க விரும்பினால் முன்னரே விலக்குப் பெறுதல் வேண்டும். அயல்நாட்டவராகிய எங்களைச் சட்டம் தடுக்கவில்லை. தடுத்தது எங்கள் அறியாமையே.

முதலில் மூன்று பாடவேளை அட்டவணைகள் எழுதிச் சுவரில் ஒட்டினோம். ஒருவருக்குக் கணக்குச் சொல்லும்போது மற்றொருவர் ஐயம் கேட்பார். இளையவன் பென்சிலை உடைத்துவிட்டு அழுவான். நண்பகலுக்குள் களைத்துப்போவோம். ஆகவே மூத்தவளைத் துணை ஆசிரியை ஆக்கினோம். தம்பிகளுக்கு அவள் அழகாகக் கற்பித்தாள், நாங்களும் மகிழ்ந்திருந்தோம். இரண்டு மாதங்கள் கழிந்து ஒரு மாலையில் அவள் கேட்டாள்: "அம்மா, நான் எப்போது படிப்பது?" அவளுடைய குறிப்பேட்டைத் திறந்து பார்த்தோம். பின்னக் கணக்கு தொடங்கிய பக்கத்திலேயே நின்றிருந்தது.

மூத்த பிள்ளை இளையோர்க்குக் கற்பிக்கும் முறை நம் திண்ணைப் பள்ளியில் இருந்தது. அவனைச் சட்டாம்பிள்ளை என்றனர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், உள்ளூர்ப் பிள்ளைகள் மணலில் எழுதிப் பழகுவதைக் கண்டு, அதனைத் தம் பள்ளியிலும் புகுத்தினார். மாணவரைக் கொண்டே மாணவர்க்குக் கற்பித்தார். 1797இல் அதனை நூலாக வெளியிட்டார். 'சென்னை முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. பின்னர், செலவைக் குறைக்கும் இயந்திரக் கல்வி என்ற குறைகூறலுக்கும் அது உள்ளாயிற்று. எங்கள் வீட்டிலும் அதே பிழைதான் நேர்ந்தது. கற்பித்தல் மூத்த பிள்ளையின் அறிவை உறுதிப்படுத்தும் வரையே நன்று. பெற்றோரின் வேலையை அவள் தலையில் ஏற்றினால் தீது.

அதன்பின் மூன்று நெறிகளை வகுத்துக்கொண்டோம். முதலாவது, மூத்தவள் கற்பிப்பது நாளொன்றுக்கு அரைமணி நேரம் மட்டுமே; அவளுக்கென ஒரு மணி நேரம் எங்களுள் ஒருவர் தனியே அமர்வோம். இரண்டாவது, கணக்கும் வாசிப்பும் அவரவர் நிலைக்கேற்பத் தனித்தனியே நடக்கும். மூன்றாவது, ஏனைய பாடங்களில் பொருள் ஒன்று, ஆழம் மூன்று.

இம்மூன்றாவதை விளக்குவோம். ஒருநாள் பிரிக்பீல்ட்சுக்குப் பூ வாங்கச் சென்றோம். இளையவன் பூக்களை எண்ணி, நிறங்களின் பெயரைச் சொன்னான். வீடு திரும்பியதும் தட்டில் பரப்பிய அரிசியில் 'ப' எழுதினான். நடுவன் ஒரு முழத்தின் விலையிலிருந்து ஐந்து முழத்தின் விலையைக் கணக்கிட்டான். மூத்தவள், இரயில்வேப் பணிக்கு வந்த தமிழர் அப்பகுதியில் குடியேறிய வரலாற்றைப் படித்து ஒரு பக்கம் எழுதினாள். தமிழகத்தில் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலும், பல வகுப்புப் பிள்ளைகளை ஒன்றாக அமர்த்தி, ஒவ்வொருவரும் தத்தம் படியில் முன்னேற வழிசெய்ததை ஆசிரியர்கள் அறிவீர்கள்.

மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அயலகத்தில் இல்லத்தின் மொழியைப் பெரும்பாலும் முடிவு செய்வது மூத்த பிள்ளையே. தாய் தமிழில் பேசினாலும், அக்காள் ஆங்கிலத்தில் பேசினால் தம்பி அக்காளின் மொழியையே பற்றிக்கொள்கிறான். எங்கள் மகளும் அண்டைவீட்டுத் தோழியரோடு பழகி அவ்வாறே மாறத் தொடங்கினாள். கண்டித்தால் பயன் விளையவில்லை. இரவில் தம்பிகளுக்குத் தமிழில் கதை சொல்லும் பொறுப்பை அவள் ஏற்றபின்தான் மாற்றம் கண்டோம். சொல் கிடைக்காதபோது அவளே எங்களிடம் வந்து கேட்டாள். 2001இல் தொடங்கி, இன்று தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படும் நிறுவனத்தின் மழலைக் கல்விப் பாடங்களும் துணைபுரிந்தன.

வீட்டுவழிக் கல்வியே சிறந்தது என்று நாங்கள் வாதிடவில்லை. ஒத்த வயதுத் தோழமையையும் விளையாட்டுத் திடலையும் எங்கள் வரவேற்பறை தர இயலாது. ஆதலின் ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறோம்: உங்கள் பள்ளியின் வாசிப்பு நாளுக்கும் விளையாட்டு விழாவுக்கும் அக்கம்பக்கத்தில் இவ்வாறு கற்கும் பிள்ளைகளையும் அழையுங்கள். மாணவர்களே, வீட்டில் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லுங்கள். உங்கள் படிப்பு பின்தங்குமாயின் தயங்காமல் பெற்றோரிடம் கூறுங்கள். எங்கள் மகள் அன்று கேட்டிராவிட்டால் நாங்கள் இன்னும் மகிழ்ந்துகொண்டே இருந்திருப்போம். அவள் கணக்கும் அதே பக்கத்தில் நின்றிருக்கும்.